அண்ணரின் இரட்சிப்பும் அக்காவின் காணியும்

சில மாதங்களுக்கு முன்னர் வலிகாமத்திலே ஒரு செத்த வீட்டுக்குப் போக நேர்ந்தது. இறந்தவர் எண்பது வயதைத் தாண்டியவர். நகரில் கடை வைத்திருந்தவர். ஊரில் வட்டிக்குப் பணம் கொடுத்து வாங்கியவர். கடைசிப் பதினைந்து வருடங்களாக ஒரு சிறிய சுவிசேஷ சபையின் முக்கிய அங்கத்தவர். பந்தலிலே போதகர் உருக்கமாகப் பேசினார். இந்தச் சகோதரன் இன்ன ஆண்டில், இன்ன மாதத்தில் இயேசுவைத் தமது இரட்சகராக ஏற்றுக்கொண்டார், அந்த நிமிடமே பரலோகத்தில் அவருடைய இடம் உறுதியாகிவிட்டது, அதற்கு முன் செய்ததோ பின் செய்ததோ எதுவும் அதை மாற்றமுடியாது என்றார். கூட்டம் 'ஆமென்' சொன்னது.

எனக்குப் பக்கத்துக் கதிரையில் இறந்தவரின் தங்கை இருந்தார். அவருக்கும் எழுபத்தைந்துக்குக் குறையாது. நான் சிறுவயதிலிருந்து அக்கா என்று அழைக்கும் ஒருவர். பிரசங்கம் முடிந்ததும் என் பக்கம் சரிந்து மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, அண்ணர் ஆண்டவரிட்டைப் போயிட்டார் எண்டு பாஸ்டர் சொல்லுறார். போகட்டும், நல்லது. அப்ப என்ரை காணி?"

அந்தக் காணியின் கதை ஊருக்குத் தெரிந்ததுதான். அக்கா இளவயதில் விதவையானவர். 1991ஆம் ஆண்டில் மூத்த மகனை வெளிநாட்டுக்கு அனுப்பப் பணம் தேவைப்பட்டபோது, தமது சீதனக் காணி ஆறு பரப்பை அண்ணரிடம் ஈடு வைத்தார். ஈடு என்றுதான் அவர் நினைத்தார். நொத்தாரிசு வாசித்ததை அவர் சரியாகக் கேட்கவில்லை. அண்ணர் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தார். 1995 இடப்பெயர்வுக்குப் பின்னர் ஊர் திரும்பி, மகன் அனுப்பிய காசோடு ஈட்டை மீட்கப் போனபோதுதான் அது அறுதி உறுதி என்பது தெரியவந்தது. அண்ணர் அந்தக் காணியில் வாழை வைத்தார், பிறகு வீடு கட்டினார், பிறகு இரட்சிக்கப்பட்டார். காணி மாத்திரம் திரும்பவில்லை.

இதனை எழுத எனக்கு என்ன உரிமை என்று சிலர் கேட்கக்கூடும். நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். ஆனால் மிஷன் பாடசாலையில் பன்னிரண்டு வருடம் வேதாகமம் கேட்டு வளர்ந்தவன். பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவ நாகரிகத்தை ஒரு பாடமாகப் படித்தவன். பத்திரிகைத் தொழிலில் இரு தரப்புத் திருச்சபைகளின் செய்திகளையும் முப்பது வருடங்களுக்கு மேலாக எழுதியவன். விசுவாசி ஒருவர் உள்ளே நின்று பார்ப்பதைப்போல என்னால் பார்க்கமுடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அக்காவின் கேள்வி இறையியலாளருக்கு மாத்திரம் உரிய கேள்வியன்று.

கிறிஸ்தவன் ஒருவனின் நடத்தை அவனது மீட்பைப் பாதிக்குமா? இந்த வாதம் புதிய ஏற்பாட்டின் உள்ளேயே தொடங்கிவிடுகிறது. உரோமருக்கு எழுதிய நிருபத்தில் பவுல், ஆபிரகாம் நீதிமானாக எண்ணப்பட்டது அவருடைய செயல்களால் அன்று, விசுவாசத்தால் என்று வாதிடுகிறார். யாக்கோபின் நிருபமோ அதே ஆபிரகாமை எடுத்துக்கொண்டு, மகனைப் பலிபீடத்தில் வைத்தபோது செயலினால் அல்லவா அவர் நீதிமானானார் என்று திருப்பிக் கேட்கிறது. கடவுள் ஒருவரென்று பிசாசுகளும் நம்புகின்றனவே என்று அதே இடத்தில் ஒரு குத்தும் இருக்கிறது. பவுல் எடுத்துக்கொள்வது ஆதியாகமத்தின் 15ஆம் அதிகாரம். யாக்கோபு எடுத்துக்கொள்வது 22ஆம் அதிகாரம். ஒரே மனிதரின் வாழ்க்கையில் இரண்டு வேறு நாட்கள்.

மார்ட்டின் லூதருக்கு யாக்கோபின் நிருபம் பிடிக்கவில்லை. 1522இல் வெளியிட்ட ஜெர்மன் புதிய ஏற்பாட்டின் முன்னுரையில் அதனை வைக்கோல் நிருபம் என்றே குறிப்பிட்டார். அவருடைய கோபத்துக்கும் காரணம் இருந்தது. பாவமன்னிப்புச் சீட்டுக் காசுக்கு விற்கப்பட்ட காலம் அது. நற்செயல் என்பது விலைப்பட்டியல் போட்ட பண்டமாகிவிட்ட இடத்தில், மீட்பை விலைக்கு வாங்கமுடியாது என்று ஒருவர் சொல்லவேண்டியிருந்தது. ஆயினும் நடத்தை எப்படியிருந்தாலும் பரவாயில்லை என்று லூதர் எங்கும் சொல்லவில்லை. மரம் நல்லதானால் கனி தானாக வரும் என்பதே அவருடைய நிலைப்பாடு. இதற்கு மறுமொழியாகக் கத்தோலிக்கத் திருச்சபை 1547இல் திரெந்து சங்கத்தில், தொடக்கம் கடவுளின் அருளே என்று ஏற்றுக்கொண்டு, அந்த அருளோடு மனிதன் ஒத்துழைக்கவும் வேண்டும், பெருங்குற்றத்தால் அதனை இழக்கவும் கூடும் என்று வரையறுத்தது.

இங்கே நம்மவர்க்கு ஒன்று சொல்லவேண்டும். இது மேல்நாட்டுச் சண்டை என்று நினைக்கவேண்டாம். குரங்குக் குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்ளவேண்டும், பூனைக் குட்டியைத் தாயே கவ்விச் செல்லும் என்று வடகலையாரும் தென்கலையாரும் வாதாடியது ஏறக்குறைய இதே விடயத்தைப் பற்றித்தான். அருள் என்ற சொல் உள்ள எந்தச் சமயத்திலும் இந்தக் கேள்வி வராமல் இருக்காது.

சீர்திருத்தத் திருச்சபையினரிடையே சண்டை முற்றியது ஒல்லாந்திலே. 1618, 1619ஆம் ஆண்டுகளில் டோர்ட் நகரில் கூடிய சங்கம், கடவுளால் தெரிந்துகொள்ளப்பட்டவர் இடறினாலும் முற்றாக விழுந்துபோகமாட்டார் என்று முடிவு செய்தது. அதே ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தார்கள். அவர்களோடு வந்தது அந்தத் திருச்சபை. இங்கே அவர்கள் நடத்திய விதம்தான் விசித்திரமானது. உத்தியோகம் வேண்டுமா, ஞானஸ்நானம் பெறவேண்டும். விவாகம் பதியவேண்டுமா, பிள்ளைக்கு முதுசம் சேரவேண்டுமா, கோயிற்பற்றுப் பதிவேட்டில் பெயர் இருக்கவேண்டும். பகலில் ஞாயிறு ஆராதனை, இரவில் வீட்டுக்குள் திருநீறு. 1795இல் ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின்னர் சில ஆண்டுகளுக்குள் அந்தக் கிறிஸ்தவர்களில் மிகப் பெரும்பாலோர் காணாமல்போயினர். எமர்சன் ரெனன்ற் 1850இல் இலங்கைக் கிறிஸ்தவத்தின் வரலாற்றை எழுதியபோது அவர் தலையைச் சொறிந்த இடங்களில் இதுவும் ஒன்று.

உண்மையான விசுவாசம் அழியாது என்று சட்டம் எழுதிய திருச்சபை, விசுவாசம் உண்டா என்று கேளாமலே பெயரைப் பதிந்துகொண்டது. பின்னர் 1816இல் தெல்லிப்பழையிலும், அதையடுத்து வட்டுக்கோட்டையிலும் இறங்கிய அமெரிக்க மிஷனரிமார் கல்வினின் மரபிலேயே வந்தவர்கள். ஆனால் அவர்கள் இந்த அனுபவத்தைக் கண்டு அஞ்சினார்கள். மாணவர் நூற்றுக்கணக்கில் படித்தபோதும், வாழ்க்கை மாறியதைப் பார்த்த பிறகே சபை அங்கத்துவம் கொடுத்தார்கள். அவர்களுக்கு இரண்டு ஆண்டு முன்னர், 1814இல், வந்த மெதடிஸ்தர் ஜோன் வெஸ்லியின் வழியினர். பெற்ற அருளை மனிதன் கைநழுவ விடவும் கூடும் என்பது வெஸ்லியின் போதனை. ஆக, நடத்தைக்கும் மீட்புக்கும் உள்ள உறவு பற்றி உலகத்திலுள்ள எல்லா விடைகளும் எங்கள் தீபகற்பத்துக்குள் நாலைந்து மைல் இடைவெளியில் கோயில் கட்டி இருந்தன. எந்தக் கோயிலுக்குப் போனவரும் மற்றவரிலும் பார்க்க நேர்மையாகக் காணிப் பிணக்கைத் தீர்த்தார் என்று நான் கேள்விப்பட்டதில்லை. இது என் தொழில் தந்த கசப்பாக இருக்கலாம்.

இந்த விவாதம் தமிழர் மத்தியில் மிகத் தெளிவாக வெளிப்பட்டது வேறொரு விடயத்தில். சாதியில்.

தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய சீகன்பால்குவின் காலம் முதலே தமிழ் லுத்தரன் சபைகளில் சாதிக்கொரு பக்கமாக அமர்வது இருந்தது. 1833இல் கல்கத்தா பேராயர் டானியல் வில்சன் தென்னிந்தியச் சபைகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். சாதி வேறுபாட்டை உடனே, முற்றாக, தயக்கமின்றிக் கைவிடவேண்டும், நற்கருணையில் எல்லோரும் ஒன்றாகப் பங்குபெறவேண்டும் என்பது அதன் சாரம். சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் பெருங் கலகம். பலர் சபையை விட்டே போனார்கள். தஞ்சையின் புகழ்பெற்ற கிறிஸ்தவப் புலவர் வேதநாயகம் சாஸ்திரியார் சாதியாரின் பக்கம் நின்று எழுதினார். 1850இல் சென்னை மிஷனரிகள் கூடிச் சாதிக்கு எதிராக ஒரு தீர்மானம் வெளியிட்டபோது, லைப்சிக் மிஷனைச் சேர்ந்த லுத்தரன்கள் அதில் சேரவில்லை. அவர்கள் சொன்ன காரணத்தை நன்றாகக் கவனிக்கவேண்டும். சாதி என்பது உலகியல் ஒழுங்கு, அது மீட்பைத் தொடும் காரியமன்று, மனிதன் மீட்கப்படுவது விசுவாசத்தால், மற்றவை சுவிசேஷத்தின் வெளிச்சத்தில் காலப்போக்கில் மெல்லத் தேயும் என்றார்கள். அந்த மிஷனின் தலைவர் கார்ல் கிரௌல் சாதாரணமானவர் அல்லர். திருக்குறளை ஜெர்மனில் மொழிபெயர்த்த தமிழறிஞர். ஒழுக்கமுடைமை அதிகாரத்தையும் அவர்தான் மொழிபெயர்த்தார்.

அவருடைய இறையியல் பிழையென்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் 'இது மீட்பைப் பாதிக்காது' என்ற வசனத்தை யார் பயன்படுத்துகிறார் என்று பார்க்கவேண்டும். பின்னால் இருத்தப்பட்டவன் அதைச் சொல்லவில்லை. முன்னால் இருந்தவனே சொன்னான். நான் சிறுவனாக இருந்தபோது ஒரு கோயிலில் கடைசி நான்கு வாங்குகளில் இன்னார்தான் இருப்பார்கள் என்பது எவரும் எழுதிவைக்காத சட்டம். பீடத்தில் நின்றவரோ விசுவாசம் எல்லோரையும் ஒன்றாக்கிற்று என்று ஞாயிறு தவறாமல் சொன்னார். முன்வாங்கில் இருந்தவர்களுக்கு இரண்டும் முரண்பாடாகத் தெரியவில்லை. ஒன்று ஆத்துமாவுக்கு, மற்றது ஊருக்கு.

லூதரன் மரபுக்குள்ளிருந்தே இதற்கு எதிராக மிகக் கடுமையாகப் பேசியவர் டீற்றிறிக் பொன்ஹொஃபர். 1937இல் வெளியான நூலொன்றில், மனந்திரும்புதல் கேட்காத மன்னிப்பை, சீடனாக வாழாமல் கிடைக்கும் அருளை, மலிவான கிருபை என்று அவர் சாடினார். திருச்சபையின் பகைவன் அதுதான் என்றார். ஹிட்லரின் ஆட்சியை ஜெர்மன் புரொட்டஸ்தாந்தரில் பெரும்பகுதியினர் நிம்மதியான மனச்சாட்சியோடு ஏற்றுக்கொண்ட காலத்தில் எழுதப்பட்ட நூல் அது. 1945 ஏப்ரல் 9ஆம் திகதி அவர் தூக்கிலிடப்பட்டார். 'விசுவாசம் போதும்' என்ற வாக்கியத்தின் பொருள் சொல்பவரின் கையிலிருப்பதைப் பொறுத்து மாறும் என்பதை அவரைப்போல் அனுபவித்து அறிந்தவர் சிலரே.

கோட்பாட்டளவில் பழைய சண்டை பெரும்பாலும் தணிந்துவிட்டது என்பதையும் சொல்லவேண்டும். 1999 ஒக்ரோபர் 31ஆம் திகதி, ஜெர்மனியின் ஒக்ஸ்பேர்க் நகரில், கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகச் சம்மேளனமும் ஒரு கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டன. மனிதன் ஏற்றுக்கொள்ளப்படுவது அருளினாலேயே, அவனுடைய தகுதியினால் அன்று. அப்படி ஏற்றுக்கொள்ளப்பட்டவனை ஆவியானவர் புதுப்பித்து நற்செயலுக்கு அனுப்புகிறார் என்பது இரு தரப்பும் ஒத்துக்கொண்ட சாரம். மெதடிஸ்தர் 2006இலும், சீர்திருத்தத் திருச்சபைகள் 2017இலும் அதனோடு இணைந்தனர். அக்காவின் அண்ணர் இருந்த சபை போன்ற சுயாதீன சபைகள் இந்த ஏற்பாட்டுக்குள் வராதவை. எனினும் அவர்களுடைய நல்ல போதகர்களைக் கேட்டால், கனி இல்லாவிட்டால் மரம் உண்மையில் நடப்படவில்லை என்றுதான் அவர்களும் சொல்வார்கள்.

அப்படியானால் என் அபிப்பிராயம் என்ன? செயலைக் கொடுத்து மீட்பை வாங்கமுடியாது என்பதில் ஓர் ஆழமான ஆறுதல் உண்டு. போர்க்காலத்தில் எத்தனையோ பேர் செய்யக்கூடாததைச் செய்தார்கள், செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்டார்கள். அவர்களுடைய கணக்கை ஒவ்வொன்றாகக் கூட்டினால் இங்கே மீளக்கூடியவர் எவருமில்லை. சிலுவையில் தொங்கிய கள்வனின் கதை இல்லாவிட்டால் கிறிஸ்தவம் வெறும் நன்னடத்தைச் சான்றிதழ் ஆகியிருக்கும். இறக்கும் தறுவாயில் அவன் கேட்டான், கிடைத்தது.

ஆனால் செத்த வீட்டுப் பிரசங்கங்களில் அந்தக் கள்வன் அளவுக்கு மிஞ்சி வருகிறான். அவனுடைய கைகள் ஆணியடிக்கப்பட்டிருந்தன. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க அவனுக்குக் கை இல்லை, நேரமும் இல்லை. கை இருந்தவனின் கதை லூக்காவின் 19ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. சகேயு வரி வசூலித்துச் செல்வந்தனானவன். இயேசு அவன் வீட்டுக்குப் போனார். அதற்கு முன்பு எந்த நிபந்தனையும் போடவில்லை. அவன் எழுந்து நின்று சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், ஏமாற்றியது இருந்தால் நாலுமடங்காகத் திருப்புவதாகவும் சொன்னான். இந்த வீட்டுக்கு மீட்பு வந்தது என்று இயேசு சொல்வது அதற்குப் பிறகுதான். திருப்பியதால் மீட்பு வந்ததா, மீட்பு வந்ததால் திருப்பினானா என்று இறையியலாளர் வாதாடட்டும். ஏமாற்றப்பட்டவர்களுக்கு இரண்டிலும் பணம் கைக்கு வந்துவிடுகிறது.

விசுவாசத்தின் அப்போஸ்தலர் என்று எல்லோரும் கொண்டாடும் பவுலும் இந்த விடயத்தில் விட்டுக்கொடுப்பவர் அல்லர். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 6ஆம் அதிகாரத்தில், சகோதரர்கள் சகோதரர்களையே வஞ்சிக்கிறீர்களே என்று அந்தச் சபையைக் கண்டிக்கிறார். உடனே தொடர்ந்து, கடவுளின் ஆட்சியில் பங்கு பெறாதவர்களின் பட்டியல் ஒன்றைத் தருகிறார். அந்தப் பட்டியலை மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் அதிலுள்ள காமக் குற்றங்களையே வாசிப்பார்கள். பேராசைக்காரரும் அபகரிப்போரும் அதே பட்டியலில்தான் இருக்கிறார்கள். அந்த இடத்தைக் காணிப் பிணக்குள்ள வீட்டில் எவரும் பிரசங்கித்து நான் கேட்டதில்லை.

புரொட்டஸ்தாந்தர் இரட்சிப்பு என்பார்கள். கத்தோலிக்கர் மீட்பு என்பார்கள். வடமொழிச் சொல், தமிழ்ச் சொல் என்ற வேறுபாடு மாத்திரமே என்று பலகாலம் நினைத்திருந்தேன். எங்கள் ஊர்ப் பேச்சில் மீட்பது என்றால் அடகு வைத்த நகையை எடுப்பது, ஈடு வைத்த காணியைத் திருப்புவது. காசோடு போய் மீட்க முடியாமல் திரும்பி வந்த ஒரு பெண்ணுக்கு, அதைப் பிடித்துவைத்திருந்தவர் மீட்கப்பட்டார் என்று பந்தலிலே சொல்லும்போது அது எப்படிக் காதில் விழுந்திருக்கும்?

கடவுளுக்குரிய கடனைக் கடவுள் தள்ளுபடி செய்யலாம். அது அவருடைய விருப்பம். அதில் எவரும் தலையிட முடியாது. தங்கைக்குரிய கடனைத் தள்ளுபடி செய்யவேண்டியவர் தங்கை. போதகர் அன்று பந்தலில் தம்முடையதல்லாத ஒரு பற்றுச்சீட்டில் கையெழுத்து வைத்தார் என்பதே என் குறை. அண்ணர் எங்கே போனார் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. காணிக்கை செலுத்த வந்த இடத்தில் சகோதரனுக்கு மனத்தாங்கல் இருப்பது நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் அவனோடு ஒப்புரவாகவேண்டும் என்பது மலைப்பிரசங்கத்திலுள்ள கட்டளை. பதினைந்து வருடக் காணிக்கையை வாங்கிய சபை அதனை ஒருமுறையாவது அவருக்கு நினைவூட்டியிருக்கலாம்.

அக்காவின் வேண்டுகோளின்படி உறுதியின் பிரதியை எனக்குத் தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் காட்டினேன். யாழ்ப்பாணத்துச் சீதனத்துக்கும் முதுசத்துக்கும் இன்றைக்கும் ஆதாரமாயுள்ள தேசவழமையை 1707இல் எழுத்தில் வைத்தவர்களும் அதே ஒல்லாந்தர்தான். ஆனால் இந்த வழக்குக்கு அது உதவாது. எழுத்து அறுதி, கையெழுத்து அவருடையது, சாட்சிகள் இருவரும் இறந்துவிட்டனர், பத்து வருட ஆட்சி உரிமைச் சட்டமும் குறுக்கே நிற்கிறது என்று சட்டத்தரணி சொன்னார். முப்பது வருடத்துக்கு மேல் தாமதித்து வந்திருக்கிறீர்கள், உரித்தாளி மனம்வைத்துத் திருப்பி எழுதினால்தான் உண்டு என்றார்.

உரித்தாளி ரொறன்ரோவில் இருக்கிறார். அங்கேயும் ஒரு தமிழ்ச் சபையில் மூப்பர். செத்த வீட்டுக்கு வந்தவர், மாமியின் கையைப் பிடித்து அழுதார். எட்டாம் நாள் திரும்பிவிட்டார். அவருடைய அனுமதியோடு அல்லாமல் அவரைப் பற்றி மேலும் எழுதுவது முறையன்று. அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதிய கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம். அதில் வேதாகம வசனம் எதுவும் வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டார். காணியின் நான்கு எல்லைகளையும், அதிலுள்ள கிணற்றில் பாதி தனக்கு என்பதையும் மாத்திரம் எழுதச் சொன்னார்.